வளையை விடாத செதிலி

ஏழுபாறைக் காட்டில் செதிலி என்று ஓர் எறும்புத்தின்னி இருந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு. பயம் வந்துவிட்டால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் போர்த்தி, பந்துபோலச் சுருண்டுவிடும். புலியே வந்து உருட்டிப் பார்த்தாலும் பிரியாது.

செதிலியின் வளை வடக்குச் சரிவில் இருந்தது. அந்தக் காட்டிலேயே நல்ல வளை அதுதான். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது. உள்ளே இரண்டு அறைகள். பின்பக்கம் ஒரு சின்ன வாசல்.

அந்த வளை சும்மா வந்துவிடவில்லை. ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருஷம், செதிலியின் பழைய வளை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேட்டு நிலம் முழுக்க மொத்தையன் என்ற கரடியின் வசம் இருந்தது. செதிலி அதனிடம் போய்க் கேட்டது. கரடி சம்மதித்தது. பெரிய பெரிய பாறைகளைப் புரட்டிப் போட்டு, வளையைத் தோண்டியும் கொடுத்தது.

"இதுக்குப் பதிலா பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு தொன்னை காய்ந்த ஈசல் தரணும். மொத்தம் முப்பது தவணை. அது முடியறவரைக்கும் வளை என்கிட்ட அடமானம்!" என்றது கரடி.

"சரிங்க ஐயா!" என்றது செதிலி.

ஆற்றங்கரை மருதமரத்தின் பட்டையில் மரங்கொத்தி அந்த ஒப்பந்தத்தைக் கொத்தி எழுதியது. அடியில் கரடி நகத்தால் ஒரு கீறல் போட்டது. செதிலியும் ஒரு கீறல் போட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று அது முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே ஓடிவிட்டது.

பதினேழு தவணை ஒழுங்காகக் கட்டியது. பதினெட்டாவது தவணையின்போது மழை பொய்த்துவிட்டது.

மழை பெய்தால்தானே புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்? புற்றுகள் எல்லாம் கல்லாக இறுகிப்போயின. செதிலி கால் நோகத் தோண்டியும் தன் வயிற்றுக்கே பாதிதான் கிடைத்தது. 'போகட்டும், அடுத்த பௌர்ணமிக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்' என்று நினைத்தது. அடுத்த பௌர்ணமியும் வந்தது. அன்றும் தொன்னை காலி.

மறுநாள் காலையில் வாசலில் சத்தம் கேட்டது. "டொக்! டொக்! டொக்!"

மரங்கொத்தி வந்திருந்தது. வாசலோரத்து வேங்கை மரத்தில் எழுத்து எழுத்தாகக் கொத்திக்கொண்டிருந்தது. செதிலி எட்டிப் பார்த்தது. கரடியின் நோட்டீஸ் என்று தெரிந்ததும் சட்டென்று சுருண்டுகொண்டது.

"அம்மா! ரெண்டு தவணை நிக்குது. என்ன சமாச்சாரம்னு கரடி கேட்கச் சொல்லுச்சு!" என்றது மரங்கொத்தி.

பந்து இன்னும் இறுகியது.

"நான் எழுதறவன் மட்டும்தான். எனக்கும் உனக்கும் ஒரு பகையும் இல்லை. ஒரு வார்த்தை பதில் சொன்னா நான் போய்ச் சொல்லுவேன்!"

பந்து பிரியவே இல்லை. மரங்கொத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

அன்றுமுதல் செதிலி முன்வாசலையே விட்டுவிட்டது. வேங்கை மரம் கண்ணில் படவே கூடாது என்று நினைத்தது. அதனால் பின்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாகவே வந்தது. எதிரில் யாராவது வந்தால் புதருக்குள் ஒதுங்கிக்கொண்டது. எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அதற்குத் தோன்றியது.

மூன்றாவது பௌர்ணமியும் போனது. மரங்கொத்தி மறுபடி வந்து கொத்தியது. இந்த முறை எழுத்துகள் பெரிதாக இருந்தன. "வரும் பௌர்ணமிக்குள் வளையைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஜப்தி!"

செதிலி அதைப் படிக்கவில்லை. காட்டில் மற்ற எல்லோரும் படித்தார்கள்.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருந்தது. பின்வாசல் பக்கம் கமகமவென்று ஒரு வாசனை வந்தது. சவ்வாது என்ற புனுகுப்பூனை அங்கே உட்கார்ந்திருந்தது. மழமழவென்று வாரிவிட்ட மயிர். தேன் ஒழுகும் பேச்சு.

"தங்கச்சி! உன் கஷ்டத்தைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கலை. நாலு நாள்ல கரடி வந்து உன்னை இழுத்து வெளியே போடப் போகுதாமே!"

செதிலி பதறிப்போய்க் கேட்டது. "நெசமாவா? நான் கரடிகிட்டப் போய்க் கெஞ்சிப் பார்க்கட்டுமா?"

"ஐயையோ! அதுகிட்டயா? கோபத்துல இருக்கு. பார்த்த உடனே கிழிச்சுப் போட்டுடும்! நீ யார்கிட்டயும் எதுவும் பேசாதே. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்றது சவ்வாது. பிறகு ஒரு பெரிய தேக்கிலையை விரித்தது. "இந்த இலையில ஒரு கீறல் போடு. வளை கொஞ்ச நாளைக்கு என் பேர்ல இருக்கும். உன் கடனை நான் தீர்த்துடுவேன். நீ பாட்டுக்கு இங்கேயே இருக்கலாம்!"

செதிலிக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் அதனிடம் அன்பாகப் பேசிய முதல் குரல் அது. முன்காலைத் தூக்கியது. நகம் இலையைத் தொடப் போனது.

"நகத்தை எடுடி!"

புதருக்குள்ளிருந்து முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி பாய்ந்து வந்தது. அதன் பெயர் கூராயி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடில்லாமல் ஒரு மரப்பொந்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு சவ்வாதின் பின்னாலேயே வந்திருந்தது.

"இதே வாசனை, இதே பேச்சு, இதே தேக்கிலை! போன வருஷம் என்கிட்டயும் இப்படித்தான் கீறல் வாங்கினான். மூணாம் நாள் என்னையே வெளியே தள்ளிட்டு என் வளையில படுத்துக்கிட்டான். இல்லைன்னு சொல்லுடா பார்க்கலாம்!"

சவ்வாது பல்லைக் காட்டிச் சிரித்தது. "அக்காவுக்கு ஏதோ மனசு சரியில்லை" என்றது. ஆனாலும் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. "தங்கச்சி, யோசிச்சுச் சொல்லு. நாலே நாள்தான்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

செதிலி அந்த இடத்திலேயே சுருண்டுகொண்டது.

கூராயிக்குக் கோபம் வந்தது. "ஏண்டி, சுருண்டு கிடந்தா கடனும் சுருங்கிடுமா?"

"எனக்கு வெட்கமா இருக்கு அக்கா" என்றது பந்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எதுக்கு வெட்கம்? நீ திருடினியா? மழை பெய்யலை. மழையை நீயா நிறுத்தின?"

கூராயி பந்தின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"நானும் இப்படித்தான் வெட்கப்பட்டேன். யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். யாருக்கும் தெரியாததால யாரும் என்னைத் தடுக்கலை. எழுந்திரு! மருதமரத்துல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல போய்ப் படிப்போம்."

பந்து மெல்லப் பிரிந்தது.

இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். செதிலி இரண்டு கால்களில் எழும்பி நின்று, மூக்கைப் பட்டையோடு ஒட்டிவைத்து, ஒரு வரி விடாமல் படித்தது. மூன்று தவணை தவறினால் வளையைக் கரடி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அதைப் படித்ததும் மூக்கைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

"நிறுத்தாதே. கீழே இன்னும் இருக்கு!" என்றது கூராயி.

கீழே இப்படி எழுதியிருந்தது. 'நாலாம் பௌர்ணமி மாலை வரைக்கும் வளை குடியிருப்பவருடையது. அதற்கு முன் வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் இந்த மரத்தடியில் இரண்டு பேரும் நின்று பேச வேண்டும்.'

செதிலி அந்த வரிகளை மூன்று முறை படித்தது. "அக்கா! அப்படின்னா நாலு நாளுக்கு அது என் வளைதானே? கரடி என் பேச்சைக் கேட்டே ஆகணும்தானே?"

"நீதான் கீறல் போட்டிருக்க. இப்பத்தான் தெரியுதா?"

வெகு நாளைக்குப் பிறகு செதிலிக்குக் கோபம் வந்தது. சவ்வாதின் மேல் கோபம். கரடியின் மேலும் கோபம். எல்லாவற்றையும்விட, மூன்று மாதமாகப் பின்வாசலில் பதுங்கித் திரிந்த தன்மேலேயே கோபம். அந்தக் கோபம் அதன் கால்களுக்குத் தெம்பு கொடுத்தது.

"நான் வெறுங்கையோட போக மாட்டேன். கையில ஏதாவது கொண்டுபோவேன். ஈசல் இல்லைன்னா என்ன, வேற ஒண்ணு கரடிக்குப் பிடிக்காதா?"

"முசுறுங்கற சிவப்பெறும்போட முட்டைன்னா கரடிக்கு உயிர். கிழக்கு மாந்தோப்புல கூடு கூடா இருக்கு. ஆனா கடி தாங்காது!"

"தாங்குவேன்!" என்றது செதிலி.

"இலுப்பைப்பூ உதிர்ற காலம் இது. அதையும் கரடி விடாது. நான் பொறுக்கித் தர்றேன். ஆனா ஒண்ணு. உன் ரெண்டாவது அறையில எனக்கு இடம் கொடு. மரப்பொந்துல முதுகை நீட்ட முடியலை. மாசாமாசம் என் பங்கா ஒரு தொன்னை பூ தர்றேன்."

"இப்பவே வந்து இரு அக்கா!"

இரண்டு நாள் உழைத்தார்கள். செதிலி மாமரத்தில் ஏறியது. சிவப்பெறும்புகள் செதிலுக்கு இடையில் நுழைந்து கடித்தன. மூக்கு வீங்கியது. கண்ணிமை வீங்கியது. ஆனாலும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு தொன்னை நிறைய முட்டையும், ஒரு தொன்னை நிறைய இலுப்பைப்பூவும் தயாராக இருந்தன.

செதிலி முன்வாசல் வழியாக வெளியே வந்தது. வேங்கை மரத்தின் முன்னால் நின்று, அதில் எழுதியிருந்த நோட்டீஸை முழுவதும் சத்தமாகப் படித்தது. பிறகு கரடியின் குகைக்கு நடந்தது. கூராயியும் கூடவே போனது.

குகை வாசலில் சவ்வாது முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது! அதன் பக்கத்தில் ஒரு பெரிய தேனடை இருந்தது.

"அந்த எறும்புத்தின்னி எப்பவோ ஓடிப்போச்சு ஐயா! வளை சும்மாதான் கிடக்கு. இந்தத் தேனடையை வச்சுக்கிட்டு வளையை எனக்குக் கொடுத்துடுங்க!" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. கரடியின் கண் தேனடையை விட்டு நகரவில்லை.

"நான் எங்கேயும் ஓடிப்போகலை!" என்றது செதிலி.

கரடி திரும்பியது. எழுந்து நின்றது. அதன் நிழல் செதிலியை முழுதாக மூடியது. "ஓகோ! மூணு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" என்று அது உறுமியதில் குகை அதிர்ந்தது.

செதிலியின் தலை தானாக வயிற்றுப் பக்கம் வளைந்தது. வாலும் மடங்கியது.

அப்போது செதிலி நகத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டது. வளைந்த தலையை நிமிர்த்தியது. "தெரிஞ்சுது ஐயா. பேச வந்திருக்கேன். ஆனா இங்க பேச மாட்டேன். மருதமரத்தடிக்கு வாங்க!"

"என்ன? என்னையா வரச் சொல்ற?"

"நான் சொல்லலை. நீங்க கீறல் போட்ட ஒப்பந்தம் சொல்லுது. எடுக்கறதுக்கு முன்னாடி மரத்தடியில ரெண்டு பேரும் நிக்கணும். நாளை மாலை வரைக்கும் வளை என்னுது. அதுவரைக்கும் தேனடை இல்லை, தேன்கூட்டையே கொண்டுவந்தாலும் அதை யாருக்கும் கொடுக்க முடியாது!"

கரடி செதிலியைக் குனிந்து பார்த்தது. அந்தக் காட்டில் யாரும் அதனிடம் அப்படிப் பேசியதில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டது. பிறகு "ம்ம்... நட!" என்று முணுமுணுத்துவிட்டுச் சரிவில் இறங்கியது. சவ்வாது தேனடையைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

மருதமரத்தில் மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் குடிக்க வந்த மான்களும் முயல்களும் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தன. செதிலி இரண்டு தொன்னைகளையும் கரடியின் முன்னால் வைத்தது.

"மழை இல்லாததால ஈசல் கிடைக்கலை. அதை நான் அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. இந்த முட்டை ஒரு தவணைக்கு. இந்தப் பூ இன்னொரு தவணைக்கு. மீதி ஒண்ணை நாலு மாசத்துல பிரிச்சுத் தர்றேன். மழை வர்றவரைக்கும் பௌர்ணமிக்கு அரைத் தொன்னை முட்டையும் அரைத் தொன்னை பூவும். மழை வந்ததும் பழையபடி ஈசல்!"

கரடி ஒரு முட்டையை நாக்கில் வைத்துப் பார்த்தது. கண்ணை மூடித் திறந்தது. "ருசியாத்தான் இருக்கு. ஆனா தாமதத்துக்கு எல்லாமே இரட்டிப்பாத் தரணும்!"

"முடியாது!"

"என்ன முடியாது?"

"மரத்துல இரட்டிப்புன்னு எங்கே எழுதியிருக்கு? காட்டுங்க. இருந்தா தர்றேன்!"

கரடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மரங்கொத்தியைப் பார்த்தது. "இல்லைங்க. நான்தானே எழுதினேன். அப்படி ஒரு எழுத்தும் இல்லை" என்றது மரங்கொத்தி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முயல்கள் சிரித்துவிட்டன.

சவ்வாதுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா! அரைத் தொன்னைக்காக மாசாமாசம் காத்திருக்கணுமா? இதோ, முழுத் தேனடை! இப்பவே! கையோட!"

"உங்க வளையில யாரைக் குடிவைக்கப் போறீங்கன்னு தெரியாம முடிவு பண்ணாதீங்க ஐயா!" என்று கூராயி முன்னால் வந்தது. "என் வளையை வாங்கினானே, அதைச் சுத்தி இப்ப ஒரு பிராணி குடியிருக்கா? வாசனைக்கே எல்லாரும் ஓடிட்டாங்க. இந்தத் தேனடை நாளைக்குக் காலையில தீர்ந்துடும். அப்புறம் உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

கரடி யோசித்தது. அதற்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். தேனடை ஒரு நாள் தீனி. செதிலி கட்ட வேண்டியதோ இன்னும் பதிமூன்று தொன்னை. வளையைப் பிடுங்கி என்ன செய்வது? தன் உடம்பு அதற்குள் நுழையாது.

"ஏம்மா, ரெண்டு தடவை ஆள் விட்டேனே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருக்கலாமே!" என்றது.

"இப்ப சொல்லிட்டேனே ஐயா. முடிச்சுடுங்க!" என்றது செதிலி.

கரடி கடகடவென்று சிரித்தது. "மரங்கொத்தி! அது சொன்னபடியே எழுது!"

"இருங்க. எழுதினதை நான் முழுசாப் படிச்சுட்டுத்தான் கீறல் போடுவேன்!" என்றது செதிலி.

மரங்கொத்தி எழுதி முடித்தது. செதிலி நிதானமாகப் படித்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. கேட்டது. விளக்கம் சொன்னபிறகுதான் கீறல் போட்டது. திரும்பிப் பார்த்தபோது சவ்வாதைக் காணவில்லை. தேனடையையும் காணவில்லை.

ஆவணியில் மழை கொட்டியது. புற்றுகள் இளகி, ஈசல்கள் புகைபோலக் கிளம்பின. செதிலியும் கூராயியும் தொன்னை தொன்னையாகப் பிடித்துக் காயவைத்தார்கள். கடைசித் தவணையைக் கட்டிய அன்று, கரடி மருதமரத்தில் இருந்த ஒப்பந்தத்தின் குறுக்கே தானே ஒரு கோடு கிழித்தது.

கூராயியின் பழைய வளை கடைசிவரை அதற்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கீறல் போட்டது போட்டதுதான். அதை நினைத்துச் சில நாள் அழுதது. இரண்டு வருஷம் செதிலியின் வீட்டில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கிழக்குச் சரிவில் ஒரு புது வளை வாங்கியது. அதன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி அதுவே படித்தது. கரடிக்குக் கொட்டாவி வரும்வரை கேள்வி கேட்டது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள், செதிலி ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கீரி ஒன்றின் பொந்து வாசலில் சவ்வாது தேக்கிலையை விரித்து வைத்துக்கொண்டு, "தம்பி! உன் கஷ்டத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கமே வரலை..." என்று சொல்லிக்கொண்டிருந்தது.

செதிலி நேராக அங்கே போனது. கீரிக்கும் இலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

"சொல்லு சவ்வாது. என் முன்னாடி சொல்லு. நானும் கேட்கிறேன், இந்தக் காடும் கேட்கட்டும்!"

சவ்வாது இலையை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

செதிலி கீரியைப் பார்த்து, "எத்தனை தவணை நிக்குது? வெட்கப்படாம சொல்லு. கரடியைப் பார்க்க இப்பவே போகலாம், வா!" என்றது.

வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாமல், படிக்காத எதிலும் கையெழுத்துப் போடாமல், கடன் கொடுத்தவர் முன்னால் காலாகாலத்தில் போய் நின்று தன் உரிமையைத் துணிந்து கேட்க வேண்டும்.